தலைமாடு மாற்றிய பிற்பகல்

இன்று காலை எழுந்ததும் முதலில் நான் செய்தது, உன் அறைக் கதவைத் தள்ளி நீ எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறாய் என்று பார்த்ததுதான். நான்கு வருடமாக என் முதல் வேலை இதுவே. பல் துலக்குவதும் பால் காய்ச்சுவதும் அதற்குப் பிறகுதான். நீயும் கவனித்திருக்கிறாய். "எம்மா, நான் மூச்சு வுடுறனான்னு பாக்கிறியா?" என்று ஒரு நாள் போர்வைக்குள்ளிருந்தே கேட்டாய். ஆமாம்டா என்று சிரித்துக்கொண்டே போய்விட்டேன். மூச்சை நான் பார்ப்பதில்லை, தலையைத்தான் பார்க்கிறேன். அது வடக்கே இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுப்பிவிடுவேன். இன்று ஃபேன் காற்றுக்காகத் தலையணையை மறுபக்கம் போட்டுக்கொண்டு, நேராக வடக்கே தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் எழுப்பவில்லை. முடி வளர்ந்து மூடிவிட்டாலும் வலது காதுக்கு முன்னால் அந்தத் தழும்பின் நுனி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பள்ளிக்கூடத்துக்கு போன் பண்ணி லீவு சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூருக்குப் போகிறாய். பெட்டி வாங்கியாகிவிட்டது, போர்வை வாங்கியாகிவிட்டது. உன் அப்பா பூட்டுக்கு ஒன்றுக்கு மூன்று சாவி செய்து வைத்திருக்கிறார். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா சொல்கிற புத்திமதிகளை நான் நேரிலேயே சொல்லிவிட்டேன், நீயும் தலையாட்டிவிட்டாய். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதே, தூக்கம் கெடாதே, பின்சீட்டில் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போடு. இவையெல்லாம் முகம் பார்த்துச் சொல்லக்கூடியவை. முகம் பார்த்துச் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. உன் தலைக்கு என்ன நடந்தது என்று நீ நம்பிக்கொண்டிருக்கும் கதையில் ஒரு பகுதி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். அதனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. அதைவிடப் பெரியதும் போயிற்று. அதை நானே சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆலப்பாக்கத்தில் டீ குடித்ததுவரை உனக்கு நினைவிருக்கிறது என்பாய். அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் உனக்குள் இல்லை. அந்த மூன்று வாரமும் என்னிடம் இருக்கிறது. சிதம்பரத்தில் நண்பன் வீட்டுக்கு என்று கிளம்பினாய். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. சாலையோர மணலில் வண்டி சறுக்கி, மைல்கல்லில் தலை மோதியது. கையிலும் காலிலும் சிராய்ப்புதான். உன்னைப் பார்த்தவர்கள் தூங்குகிற பிள்ளை மாதிரி இருந்தாய் என்றார்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் கடலூரிலிருந்து பஸ்ஸில் போனேன். உன் அப்பா குடிகாடு ஊரிலிருக்கிற தன் கெமிக்கல் கம்பெனியிலிருந்து ஷிப்ட் உடையோடு, பாதுகாப்பு பூட்ஸ்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார்.

மூளை டாக்டர் இளைஞர். எங்களை உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போட்டார். மண்டையோடு ஒரு மூடிய பாத்திரம் என்றார். உள்ளே மூளை, ரத்தம், நீர் மூன்றும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அடிபட்ட மூளை வீங்கும். காலில் அடிபட்டால் வெளிப்பக்கமாக வீங்க இடமிருக்கிறது, இங்கே இடமில்லை. அழுத்தம் ஏற ஏறப் புது ரத்தம் உள்ளே வர முடியாது, ரத்தம் வராத இடம் செத்துப்போகும், அதனால் இன்னும் வீங்கும். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். அழுத்தம் என்ற பாடத்தை எத்தனையோ வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவள். அந்த வட்டம் எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. உன் அப்பாவுக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்திருந்தது. "பாய்லர் கணக்குதான் சார். ஜாஸ்தியானா இன்னா பண்ணுவீங்க? சேஃப்டி வால்வு மாதிரி எதுனா இருக்குதா?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "இருக்குது. ஒரு பக்கத்து எலும்பையே எடுத்து விட்ருவோம். ஆனா அது கடைசி வழி. முதல்ல மருந்துல பாப்போம்" என்றார்.

மருந்துகளில் பார்த்தார்கள். உன்னை ஊசி போட்டுத் தூங்க வைத்து, மெஷின் வழியாக மூச்சு கொடுத்தார்கள். இருமினாலும் திமிறினாலும் அழுத்தம் ஏறும், அதற்காகத்தான் அந்தத் தூக்கம். "பக்கத்துல நின்னு அழாதீங்கம்மா, அவன் காதுல விழும்" என்றார்கள். நான் வெளியே மாடிப்படிக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். மேனிடால் என்று ஒரு மருந்து, பாட்டிலில் சொட்டுச் சொட்டாக ஏறும். அது மூளையில் இருக்கிற தண்ணீரை ரத்தத்துக்கு இழுத்துச் சிறுநீராக வெளியேற்றும். பை நிறைய நிறைய எங்களுக்குச் சந்தோஷம். இத்தனைக்கும் நடுவே, காசும் செலவில்லாமல் ஊசியும் இல்லாமல் ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, உன் கழுத்தை நேராக வைத்திருந்தார்கள். மூளைக்குப் போன ரத்தம் கழுத்து வழியாகத் தடையில்லாமல் இறங்கிவர வேண்டும். தலை தாழ்ந்தாலும் கழுத்து மடங்கினாலும் அது தேங்கும், தேங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். அவ்வளவுதான் விஷயம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

ஐந்து நாள் கழித்து மெஷினை எடுத்தார்கள். நீ தானாக மூச்சு விட்டாய். கிள்ளினால் கையை இழுத்துக்கொண்டாய். ஒரு தரம் "ம்" என்றாய். ஐசியூவுக்கு அடுத்த ஹாலுக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு கட்டில், நடுவில் பச்சைத் திரைகள், இரண்டு நர்ஸ்கள். அவர்களில் ஒருத்திதான் சுகந்தி. புவனகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும், மெலிந்த பெண். உன் கட்டிலின் கால்மாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தி, குனிந்து கண்ணால் அளந்து பார்த்தாள். "அம்மா, இத மட்டும் இறக்கக் கூடாது. தலகாணி வேணாம். கழுத்து ஒரு பக்கம் சாஞ்சா என்னைக் கூப்புடுங்க. வீக்கம் இன்னும் முழுசா வடியல, பத்து நாள் வரைக்கும் நம்ப முடியாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு" என்றாள். மார்கழிக் குளிருக்கு மேனிடால் பாட்டிலில் சர்க்கரை போல மருந்து உறைந்துவிடும். ஒவ்வொரு பாட்டிலையும் அவள் டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். துளி தெரிந்தாலும் வெந்நீரில் வைத்துக் கரைத்த பிறகுதான் மாட்டுவாள். அந்த ஹாலில் அவளைவிடக் கவனமாக வேலை செய்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை. இதை நான்கு வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும். அப்போது நான் எழுதியது வேறு.

ஹாலுக்கு மாற்றிய மறுநாள் மதியம் உன் அத்தை பார்க்க வந்தாள். உன் அப்பாவின் அக்கா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், வாய் மட்டும்தான் கடுமை. உன் நெற்றியைத் தடவினாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். உன் தலைமாட்டு ஜன்னல் வழியாகக் கோயில் கோபுரம் தெரியும். எனக்கு அது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது. உன் அத்தை கண்களைச் சுருக்கினாள்.

"ஏண்டி, இந்த ஆஸ்பத்திரி கோயிலுக்குத் தெக்கதான இருக்குது?"

"ஆமா அண்ணி."

"அப்ப அது வடக்குடி! புள்ள வடக்க தல வச்சுக் கெடக்குறான், நீ பாத்துக்கினு ஒக்காந்துகீற?"

பக்கத்தில் என் தம்பி, உன் மாமா, இருந்தான். "அப்பிடித் திருப்பிப் போட்டா கால் கோபுரத்தப் பாத்து இருக்குமே, அது பரவாயில்லியா?" என்று கேட்டான். அவனுக்கு எதிலும் ஒரு விளையாட்டு.

"கோபுரத்துக்குக் கால் நீட்டுனா சாமி மன்னிச்சிடும். எமன் மன்னிக்க மாட்டான். பி.எஸ்சி. படிச்சவ, எனக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலியா? ஆறு நாளா புள்ள கண்ண முழிக்கலன்னா ஏன்னு யோசிச்சியா? நான் பஸ்ஸுக்குப் போறேன். சாயங்காலத்துக்குள்ள மாத்திடு."

அவள் போய்விட்டாள். எமனை நான் நம்புகிறவள் இல்லை, திசையை நம்புகிறவளும் இல்லை. நம் வீட்டுக் கட்டிலை நீ எந்தப் பக்கம் இழுத்துப் போட்டாலும் அதுவரை நான் கேட்டதே இல்லை. ஆனால் "ஆறு நாளா" என்ற அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் செய்வதையெல்லாம் டாக்டர் செய்துவிட்டார். அம்மா செய்யக்கூடியது ஒன்று இருந்து, அதை நான் செய்யாமல் விட்டிருந்தால்? நான் நினைத்தது அது ஒன்றுதான். சுகந்தியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கூடாது என்பாள், அதனால்தான் கேட்கவில்லை.

மூன்று மணி வாக்கில் புது நோயாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நர்ஸ்களும் அந்தக் கோடியில் இருந்தார்கள். நானும் உன் மாமாவும் திரையை இழுத்துவிட்டோம். அந்தக் கட்டிலில் ஒரு பக்கம்தான் உயரும். உன் தலை மறுபக்கம் போனால் உயர்ந்திருக்கிற இடத்தில் கால் இருக்கும் என்பதால், முதலில் கைப்பிடியைச் சுற்றி இறக்கிச் சமமாக்கினோம். பிறகு விரிப்போடு சேர்த்து உன்னைத் தூக்கி, குழாய்கள் இழுபடாமல் மெல்லத் திருப்பிப் போட்டோம். தலை உயரமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. அதற்காகத்தான் இரண்டு தலையணையை அடுக்கி உன் தலைக்கடியில் வைத்தேன். உயரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். முதுகு தட்டையாக இருக்க, தலை மட்டும் தூக்கி, உன் முகவாய் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. கழுத்து மடங்கியிருந்தது. அழுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள், குழாயை மடக்கினால் தண்ணீர் என்ன ஆகும் என்று தினமும் பிள்ளைகளைக் கேட்கிறவள், அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வாரத்திலேயே எனக்குக் கொஞ்சம் கண் அசந்தது அப்போதுதான்.

ஐந்து மணிக்கு முன்பு நீ வாந்தி எடுத்தாய். உன் இடது கை மட்டும் ஒரு மாதிரி முறுக்கிக்கொண்டது. கூப்பிட்டேன், கிள்ளினேன், நீ கையை இழுக்கவில்லை. இனி எழுதப்போவது மிகவும் கஷ்டமானது, படித்துவிட்டு மேலே போ. நான் உடனே நர்ஸைக் கூப்பிடவில்லை. "தூக்குடா, தூக்குடா" என்று உன் மாமாவிடம் சொன்னேன். வாயைத் துடைத்துவிட்டு, உன்னைப் பழையபடி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, தலையணைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அதன் பிறகுதான் திரையை விலக்கிக் கத்தினேன். இரண்டு நிமிடம் இருக்கும், மூன்று நிமிடமும் இருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு உன்னைப் பற்றிய பயம் இருந்தது. கூடவே, திட்டு வாங்குவோம் என்ற பயமும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவையை உடைத்துவிட்டு மேசைக்கடியில் தள்ளுகிற பிள்ளையின் பயம். அதற்கு நான் இடம் கொடுத்தேன். அவசரத்தில் நாங்கள் ஒன்றை மறந்தோம். கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை மறுபடி உயர்த்தவில்லை.

சுகந்தி ஓடிவந்தாள். கண்ணிமையைத் திறந்து டார்ச் அடித்தாள். வலது கண்மணி பெரிதாகி, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றது. "சார்! சார வரச்சொல்லு!" என்று மற்றவளிடம் கத்திக்கொண்டே குனிந்து கட்டிலைப் பார்த்தாள். "அய்யோ, ஏத்தி வச்சிட்டுத்தான போனேன்..." என்று கைப்பிடியை வேகவேகமாகச் சுற்றினாள். அவள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் வந்துவிட்டார்.

"கட்டில் ஏன் ஃபிளாட்டா இருந்துச்சு?"

"நான் ஏத்திதான் வச்சேன் சார்."

"அப்ப யாரு இறக்குனா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் மேல் சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. தனக்காக ஒரு வார்த்தை சொல்ல நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில் பார்த்தாள். முந்தின நாள் அவள் ஏற்றி வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தானே. "எனக்குத் தெரியாது சார். நான் பாத்ரூம் போயிருந்தேன்" என்றேன். உன் மாமா கட்டிலுக்கு அடியில் இருந்த தலையணைகளை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றான்.

ஸ்கேனுக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உன் அப்பா வந்து கையெழுத்துப் போட்டார். உன் வலது பக்க மண்டையோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்து, வீங்கிய மூளைக்கு வெளியே வர இடம் கொடுத்தார்கள். எடுத்த எலும்பு கெடாமல் இருக்க உன் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதை எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். நீ இப்போது நண்பர்களிடம் "மண்டைய வயித்துல வச்சுக்கினு திரிஞ்சவன்டா நானு" என்று சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவாய். அவர்கள் சிரிப்பார்கள். நானும் அடுப்படியிலிருந்து சிரித்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு மூன்றாம் நாள் உன் அப்பா என்னிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்தார். "எங்க பிளான்ட்ல ஒருத்தன் வால்வ மூடாம வூட்டுக்குப் போனான்னு வச்சுக்க, மறுநாள் அவன் கேட்டுக்குள்ள வர முடியாது. இங்க ஒரு உசுரு. ஒன் கையெழுத்து நல்லா இருக்கும், எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல, மருத்துவமனை நிர்வாகத்துக்குச் சுகந்தி மேல் புகார் எழுதினேன். சொன்னதை மட்டும் எழுதியிருந்தால்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும். "கவனிக்காம வுட்டுட்டாங்க" என்று அவர் சொன்னதை "மிகுந்த அலட்சியத்தோடு" என்று நான் மாற்றினேன். "இனி எந்த நோயாளிக்கும் இது நேரக் கூடாது" என்ற வரி என்னுடையது. அழகாகத் தேதி போட்டு அடிக்கோடிட்டேன். அவளிடம் விளக்கம் கேட்டார்கள், பிறகு வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த ஹாலில் வேறு முகம். மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க யாரும் இல்லை.

அன்றிலிருந்து நம் வீட்டில் இதுதான் கதை. நர்ஸின் அலட்சியத்தால் பிள்ளையின் மண்டையைத் திறக்க வேண்டியதாயிற்று. உன் அப்பா தன் சிநேகிதர்களிடம் சொன்னார், உன் அத்தை கல்யாண வீடுகளில் சொன்னாள், கடைசியில் நீயே சொல்லத் தொடங்கினாய். போன வருடம் உன் இடது கை விரல்கள் சரியாகப் பிடிக்காமல் டம்ளர் நழுவி உடைந்தபோது, "அந்த நர்ஸ் மட்டும் என் கையில கெடைச்சா..." என்று பல்லைக் கடித்தாய். நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ சபித்த ஆள் உன் காலடியில் குனிந்துகொண்டிருந்தாள்.

சென்ற மாதம் எனக்குப் புவனகிரிப் பள்ளி ஒன்றில் தேர்வு மேற்பார்வை வேலை போட்டார்கள். உன் கம்பெனி மருத்துவச் சான்றுகள் கேட்டிருந்தது. உன் டிஸ்சார்ஜ் சம்மரி என் பையில் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் நகல் எடுக்கக் கொடுத்தேன். கடையில் இருந்த பெண் தாளை இயந்திரத்தில் வைக்காமல், நின்று படித்தாள். கடைக்காரர்கள் அப்படிப் படிப்பதில்லை. கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தாள். சுகந்தி.

"அம்மா... நீங்களா? தம்பி இருக்குதாம்மா?"

இருக்கிறான் என்றேன். "நடக்குதா? பேசுதா?" நடக்கிறான், பேசுகிறான், ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அவள் அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். கடைக்கு வந்த ஒரு ஆள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார்.

"நான் ஏத்தி வச்சேன்னுதாம்மா நெனப்பு. ஆனா அத்தினி பேரு கேக்கும்போது, வக்கலியோன்னு ஆயிடுச்சு. அப்புறம் சேத்தியாத்தோப்புல ஒரு ஆஸ்பத்திரில கூப்டாங்க, போனேன். ஊசி எடுத்தா கை நடுங்குது. ஒண்ணுக்கு நாலு தடவ போய் கட்டிலப் பாக்குறேன், அப்பவும் நம்பிக்கை வரல. வுட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்கம்மா. தம்பிக்கிட்டயும் சொல்லுங்க."

அந்த இடத்தில் வாயைத் திறக்கக் கடவுள் எனக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் வுடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். மன்னித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது ஆலப்பாக்கம் தாண்டும்வரை என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் தோளைத் தொட்ட கை. அவள் வேலையை மட்டும் நான் எடுத்ததாக நினைத்திருந்தேன். தன் கண் பார்த்ததையும் தன் கை செய்ததையும் நம்புகிற தெம்பையும் எடுத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் உன்னைச் செக்கப்புக்குக் கூட்டிப்போனபோது, நீ வெளியே போனதும் டாக்டரிடம் கேட்டேன். ஒரு மணி, இரண்டு மணி நேரம் தட்டையாகக் கழுத்து மடங்கிப் படுத்தால் அப்படி ஆகுமா என்று. "ஏறியிருக்கலாம். அது இல்லாமலும் ஏறியிருக்கலாம். அன்னிக்கு ஸ்கேன்ல காயமே பெருசாகி இருந்துச்சு. இப்ப யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். உன் மாமாவிடமும் பேசினேன். "அக்கா, புள்ள முழுசா இருக்கான். மச்சானுக்குத் தெரிஞ்சா என்னை உசுரோட வுடுவாரா? எதுக்கு இப்ப கெளறிக்கினு?" என்றான். அவனைக் குறை சொல்லாதே. நான் சொன்னதைச் செய்தவன் அவன். உன் அத்தையையும் குறை சொல்லாதே. அவள் தனக்குத் தெரிந்த பயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். உன் மூளைக்கு நான் என்ன செய்தேன் என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அந்தச் சந்தேகத்தோடு நான் இருந்துகொள்வேன். அந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்தேன் என்பதில் சந்தேகமே இல்லை.

உனக்கு அங்கே இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை என்கிறாய். அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பது உன் வேலை. நீயும் ஒரு நாள் தப்புச் செய்வாய். அப்போது முதலில் கத்து, பிறகு துடைத்துக்கொள். நான் அதை மாற்றிச் செய்தேன். இன்னொருவனை உன் கண் முன்னால் கேள்வி கேட்டு, அவன் திரும்பி உன் முகத்தைப் பார்த்தால், அந்த நொடியிலேயே பேசிவிடு. அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது "நான்தான் சார்" என்ற இரண்டு சொல். இன்று இத்தனை தாள் எழுதியும் அதற்கு ஈடாகவில்லை. இன்னொன்று, உனக்கு வேண்டியவர்களில் யாராவது படுத்துவிட்டால், அன்பினால் உனக்கு ஒன்று செய்யத் தோன்றும். செய்வதற்கு முன் அங்கே இருப்பவர்களைக் கேள். கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று கேட்கத் தயங்கினாய் என்றால், அதைச் செய்யாதே.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னிடம் பேசாமல் இருக்கத் தோன்றினால் இரு. மாத்திரையை மட்டும் என் மேல் உள்ள கோபத்தில் நிறுத்திவிடாதே. உன் அப்பா என்னை என்ன சொல்வார் என்று என்னால் யூகிக்க முடியவில்லை. இருபத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அது தெரியவில்லை என்பதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவர் முகத்துக்கு நேராக நானே சொல்வேன், நீ சொல்ல வேண்டாம்.

இப்போது நீ எழுந்துவிட்டாய், பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. "எம்மா, லீவா இன்னிக்கி?" என்று கேட்டுக்கொண்டே போனாய். ஆமாம்டா, கொஞ்சம் எழுத்து வேலை என்றேன். இதை இன்று உன்னிடம் தரப்போவதில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் புவனகிரிக்குப் போகிறேன். உனக்கோ, உன் அப்பாவுக்கோ, உன் மாமாவுக்கோ இது தெரியாது. கடை திறக்கும்வரை வாசலில் நிற்பேன். இந்தத் தாள்களை அவள் கையில் கொடுத்து, அவள் முழுதும் படித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன், போகச் சொன்னால் போவேன். அந்த மருத்துவமனைக்கு அனுப்பவோ, தன் வீட்டாருக்குக் காட்டவோ அவள் இதை வைத்துக்கொள்ளட்டும். கீழே என் முழுப் பெயரும் கையெழுத்தும் இருக்கும். மூலம் அவளுக்குச் சேர வேண்டியது. உனக்கு வந்து சேர்வது நகல்.